கொக்குமடையில் எவ்வளவு ஆழம்

பழவேற்காட்டுக் கோட்டையில் உலாந்தாக்காரர், அதாவது டச்சுக்காரர், கொடி பறந்துகொண்டிருந்த காலம். ஏரிக்கரையிலிருந்த ஒரு குப்பத்தில் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. ஆண்பிள்ளை இல்லாத வீடு மகளுக்கு வீட்டோடு மாப்பிள்ளை எடுப்பதாக இருந்தால், கல்யாணப் பேச்சு முடிவதற்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டாரை ஓடத்தில் ஏற்றி ஒரு பகல் முழுக்க ஏரியைச் சுற்றிக் காட்ட வேண்டும். பையன் இனிமேல் எந்தெந்தக் கரையில் பிழைக்கப் போகிறானோ அந்தந்தக் கரையில் இறங்கி, உட்கார்ந்து, ஒரு வாயாவது எதையாவது தின்றுவிட்டு ஏற வேண்டும். கடைசியாகப் பெண்வீட்டின் பாடு இருக்கும் இடம். பாடு என்றால் அந்த வீட்டுக்கென்று ஊர் ஒதுக்கிய தண்ணீர். கழி நட்டு வலை கட்டுகிற இடம். அங்கே மாப்பிள்ளைப் பையன் தண்ணீரில் இறங்கி, மூலைக்கழியில் மஞ்சள் துணியைக் கட்டிவிட்டால் பேச்சு முடிந்தது. இதற்குப் பாடு காட்டல் என்று பேர்.

இப்போது பெண்ணைப் பெற்றவளாக இருக்கும் அம்மணியும் சின்ன வயதில் இப்படிப் போன ஓடங்களைக் கரையில் நின்று பார்த்திருக்கிறாள். புதுத்துணி கட்டிய பெண்கள், சிரிப்பு, பலகாரக் கூடை. தன் வீட்டிலிருந்து அப்படி ஓர் ஓடம் புறப்படும்போது இப்படிப் பயமாக இருக்கும் என்று அவள் நினைத்ததில்லை.

காரணம் கொக்குமடை. அதுதான் அவர்கள் வீட்டுப் பாடு. ஆரணி ஆறு ஏரியில் வந்து விழுகிற இடத்துக்குக் கொஞ்சம் வடக்கே, இடுப்பளவுத் தண்ணீர் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்த மடை. கார்த்திகையில் அடித்த புயலில் கடல் மணலை வாரிக்கொண்டு வந்து அதை மூடிவிட்டது. கழிகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. தண்ணீர் வற்றும் நேரத்தில் போனால் அங்கே நாரை நடந்துகொண்டிருக்கும். ஏற்றத்தில் முழங்கால் அளவு தண்ணீர் ஏறும். அப்போது தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அது பழைய கொக்குமடைதான்.

அதே புயலில் பாய்மரம் முறிந்து அவள் புருஷன் அங்கமுத்துவின் வலது தோளில் விழுந்தது. எலும்பு கூடிவிட்டது, கை மட்டும் தோளுக்கு மேல் எழவில்லை. வலை இழுக்க முடியாத கை. சித்திரையில் அம்மன் கோயில் முன்னால் ஊர் கூடும். ஊர்த்தலைவரான பெரியதனக்காரர் ஒவ்வொரு வீட்டையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு ஒரே கேள்விதான் கேட்பார்: தண்ணியில நிக்க ஆள் உண்டா? உண்டு என்றால், பாடு தூர்ந்து போன வீட்டுக்கும் ஊர் வேறு இடம் பார்த்துக் கொடுக்கும். இல்லை என்றால் அந்த வீட்டின் பேரை அத்தோடு விட்டுவிடுவார்கள். அப்படி விட்ட பேரை மறுபடி யாரும் கூப்பிட்டதாக அம்மணி கேள்விப்பட்டதில்லை.

ஆகவே சித்திரைக்குள் வீட்டுக்கு ஓர் ஆண் வேண்டும். தூர்ந்துபோன பாட்டை நம்பி எவன் தன் பிள்ளையை அனுப்புவான்? காட்டுப்பள்ளியிலிருந்து ஒரு சம்பந்தம் கூடிவந்து பாடு காட்டலுக்கு நாள் குறித்ததும், அங்கமுத்து இரண்டு நாள் யோசித்தான். மூன்றாம் நாள் ஒரு மூங்கில் கழியை எடுத்துக்கொண்டு தனியாகப் போய், மணலில் ஒற்றைக்கையால் நட்டுவிட்டு வந்தான். மற்றக் கழிகளை மாற்றுவதற்காகப் பிடுங்கியிருக்கிறோம் என்று சொல்லிக்கொள்ளலாம். ஏற்றம் சாயங்காலம்தான் வரும். அதுவரை மாப்பிள்ளை வீட்டாரை எங்கெங்கு காட்ட முடியுமோ அங்கெல்லாம் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்றான். அம்மணி அதைக் கேட்டுக்கொண்டு புளியைக் கரைக்கப் போனாள்.

ஓடம் இரவல், துணி வியாபாரி முகைதீன் மரைக்காயருடையது. அடி தட்டையான, துணி ஏற்றுகிற ஓடம். பனையோலைக் கூரை போட்டிருந்தது. உள்ளே விரித்திருந்த பாயில் கஞ்சிப்பசை வாசமும் அவுரிச் சாய வாசமும் விடாமல் ஒட்டியிருந்தன. கோல் ஊன்ற அங்கமுத்துவால் ஆகாது. மகள் நாகாத்தாதான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடத்தின் பின்முனையான பின்னணியத்தில் ஏறி நின்றாள். பெண்ணே ஓடம் தள்ளுவதைச் சம்பந்திகள் எப்படி எடுத்துக்கொள்வார்களோ என்று அம்மணிக்குக் கூச்சமாக இருந்தது. ஆனால் மாப்பிள்ளையின் தாய் கங்கம்மா ஏறி உட்கார்ந்ததும் பெண்ணை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கை நல்லாக் கீது, என்று மட்டும் சொன்னாள். கையின் அழகைச் சொன்னாளா பலத்தைச் சொன்னாளா என்று அம்மணி வெகுநேரம் யோசித்தாள்.

அவர்கள் காட்டுப்பள்ளிக்காரர்கள். கடலில் கட்டுமரம் தள்ளுகிற குடும்பம். ஏரிச்சேறு பழக்கமில்லாதவர்கள் என்பதுதான் அங்கமுத்துவின் பெரிய தைரியம். தகப்பன் மாசிலாமணி கனத்த உடம்பு. எதைப் பார்த்தாலும் கடலோடு ஒப்பிட்டு ஒரு படி கீழே இறக்குவார். மூத்த மகனைக் கடல் கொண்டுபோயிருந்தது. இளையவன் வீரராகவன்தான் இப்போது வந்திருப்பவன். ஒடிசலான, அமைதியான பையன். ஓடத்தின் நடுவில், கூரைக்காலை ஒரு கையால் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். ஓடம் கரையை விட்டு நகர்ந்ததும், யாரையும் பார்க்காமல், பொதுவாகக் கேட்டான்.

“இங்க எவ்ளோ ஆழம்?”

யாரும் பதில் சொல்லுமுன் நாகாத்தா கோலை நேராக ஊன்றி எடுத்தாள். நனைந்த இடத்துக்கும் நனையாத இடத்துக்கும் நடுவில் விரலை வைத்துக் காட்டினாள். கோலிலிருந்து தண்ணீர் சொட்டியது. இடுப்பளவு. அவன் அதைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டான்.

தொழிலில் அக்கறையைப் பார்த்தாயா என்று அங்கமுத்து மனைவியின் காதில் பெருமையாகச் சொன்னான்.

முதலில் இறங்கியது உலாந்தாக்காரர் கல்லறைத் தோட்டத்தில். வெள்ளைச் சுண்ணாம்பு அடித்த வளைவு வாசல். அதன் இரண்டு பக்கமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள், ஒன்று மண்டையோட்டைத் தாங்கிப் பிடித்தபடி. வெயில் இன்னும் இளசாகத்தான் இருந்தது. உள்ளே பெரிய பெரிய கற்பலகைகள், படிக்கத் தெரியாத எழுத்து, கப்பல், இலை, பூ. கல்லின் மேல் பல்லி ஒன்று அசையாமல் வெயில் காய்ந்தது.

கங்கம்மா எலும்புக்கூட்டின் முன் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

“இவன் இன்னாத்துக்கு இப்பிடி எளைச்சிப் பூட்டான்?”

“செத்தவங்க அப்பிடித்தான் இருப்பாங்களாம் அண்ணி,” என்றாள் அம்மணி.

“செத்தா பொதைச்சிடணும். வாசல்ல நிறுத்தி வெச்சி வர்றவங்கள பயமுறுத்தலாமா.”

மாசிலாமணி, எங்கள் ஊரில் செத்தவனுக்குக் கல்லே தேவையில்லை, கடல் பார்த்துக்கொள்ளும் என்றார். சொன்னபிறகு மூத்த மகனின் நினைவு வந்திருக்க வேண்டும். வாசலுக்கு வெளியே போய் நின்றார். அம்மணி எல்லாருக்கும் பனங்கிழங்கைப் பிளந்து கொடுத்தாள். ஈர்க்கை உருவிப்போட்டு மென்றுகொண்டே கல்லறைகளுக்கு நடுவில் சுற்றினார்கள். ஒரு சின்னக் கல்லின் முன் வீரராகவன் குந்தி உட்கார்ந்து, அதில் செதுக்கியிருந்த கப்பலின் பாய்மரங்களை விரலால் தடவிக்கொண்டிருந்தான். அவன் விரல் பாயிலிருந்து கீழே இறங்கி, அலையைக் காட்டும் கோடுகள் வந்த இடத்தில் நின்றுவிட்டது.

அங்கிருந்து புறப்பட்டதும் நாள் தன்போக்கில் விரிந்தது. தென்காற்று லேசாக எழுந்தது. ஏரி கண்ணுக்கு எட்டிய மட்டும் ஈயத்தகடு போல் கிடந்தது. வானம் எங்கே முடிகிறது தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியவில்லை. முகத்துவாரத்துக்கு அப்பால் நங்கூரம் போட்டிருந்த கப்பல் ஒன்று தண்ணீரில் படாமல் ஆகாயத்தில் தொங்குவது போல் தெரிந்தது. துணிமூட்டை ஏற்றிய ஓடங்கள் கோட்டைப் பக்கம் போய்க்கொண்டிருந்தன. அவற்றிலிருந்தவர்கள் கூவி நலம் விசாரித்தார்கள். அங்கமுத்து நல்ல கையைத் தூக்கிக் காட்டினான்.

அம்மணிக்கு ஒன்று உறைத்தது. பிறந்ததிலிருந்து இந்த ஏரியில்தான் இருக்கிறாள். இறால் தடவிப் பிடிக்க இறங்கியிருக்கிறாள், நண்டுக்கூடை சுமந்திருக்கிறாள், பிரசவ வலியோடு ஒருமுறை ஓடத்தில் போயிருக்கிறாள். சும்மா உட்கார்ந்து, கையை ஓடத்துக்கு வெளியே தொங்கவிட்டுத் தண்ணீரைத் தொட்டுக்கொண்டு போனதில்லை. விரல்களுக்கு நடுவில் தண்ணீர் பிரிந்து கூடியது. கண் சொக்கியது. கொக்குமடை என்று ஓர் இடம் கடைசியில் இல்லாமல், இந்த ஓடம் இப்படியே போய்க்கொண்டே இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்தாள்.

“இங்க எவ்ளோ ஆழம்?”

கோல் இறங்கி எழுந்தது. விரல் ஓர் இடத்தில் நின்றது. அவன் தலையாட்டினான். ஒவ்வொரு திருப்பத்திலும் அவன் இப்படிக் கேட்டான். நாகாத்தாவும் ஒரு தடவைகூட வாயால் பதில் சொல்லவில்லை. கேட்டதும் கோல் போகும், விரல் நிற்கும். போகப்போக அவன் முழுசாகக் கேட்பதையும் விட்டுவிட்டான். “இங்க?” என்பான். பிறகு அதுவும் இல்லை. திரும்பிப் பார்ப்பான், அவள் காட்டுவாள். அவர்கள் இருவரும் ஏதோ வெகுநாள் பழகிய பேச்சைப் பேசுவதுபோல் இருந்தது அம்மணிக்கு. மகளின் உதட்டோரத்தில் சிரிப்பு ஒன்று வருவதும் அவள் அதை ஒதுக்குவதும் தெரிந்தது.

அப்போதுதான் அம்மணியின் தூக்கம் முற்றிலும் கலைந்தது. ஒவ்வோர் இடத்திலும் கேட்கிறவன் கொக்குமடையிலும் கேட்பான். கோல் முழங்கால் அளவு நனைந்து வரும். கடல்காரனாக இருந்தாலும், கழி நட்டு வலை கட்டுகிற இடம் முழங்கால் ஆழத்தில் இருக்காது என்பது தெரியாமல் போகுமா? அங்கமுத்து தண்ணீர் ஏற்றத்தை எண்ணினான், கழியை எண்ணினான், இந்தப் பையனின் வாயை எண்ணவில்லை.

முகத்துவார மணலில் இறங்கினார்கள். ஒரு பக்கம் ஏரி உறங்கிக் கிடக்க, மறுபக்கம் கடல் வந்து வந்து மோதிக்கொண்டிருந்தது. மாசிலாமணிக்கு உயிர் வந்தது. வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு அலைக்குள் இறங்கி, இதுதான் தண்ணீர் என்று கத்தினார். இறங்கும்போது எல்லாரும் கணுக்கால் நனைய நடந்தார்கள். வீரராகவன் மட்டும் முன்னணியத்திலிருந்து எம்பி ஈரமில்லாத மணலில் குதித்தான். கல்லறைக் கரையிலும் அவன் அப்படித்தான் குதித்தான் என்பது அம்மணியின் நினைவுக்கு வந்தது. புதுவேட்டி நனையக்கூடாது என்று பார்க்கிறவனா? இல்லை, கர்வமா? கங்கம்மா கேட்காமலே சொன்னாள், அவனுக்குக் காலில் சேற்றுப்புண் என்று. அவன் காலில் புண் எதுவும் இல்லை. அம்மணி கேழ்வரகு அடையைப் பங்கு வைத்தாள். அவன் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து, ஏரியைப் பார்த்தபடி தின்றான்.

உச்சிவெயிலுக்கு ஏரி நடுவிலிருந்த ஒரு தீவுக்குப் போனார்கள். அங்கே நாலைந்து வேலமரமும் கொஞ்சம் நிழலும் இருந்தன. தீவுக்கு அந்தப்புறத்து ஆழமில்லாத தண்ணீரில் பூநாரைகள். முதலில் பார்க்கும்போது வெளுத்த மேகம் ஒன்று இறங்கிக் கிடப்பது போலத்தான் தெரிந்தது. மாசிலாமணி கையைத் தட்டினார். மேகம் அப்படியே எழும்பியது. இறக்கைக்கு அடியிலிருந்த சிவப்பெல்லாம் ஒரே நேரத்தில் விரிந்து வானத்தில் ஒரு பக்கத்தைப் பூசிவிட்டு, சுற்றிவந்து, மறுபடி வெளுப்பாகித் தண்ணீரில் அமர்ந்தது.  கடலில் இது இல்லை என்று மாசிலாமணி ஒப்புக்கொண்டார்.

புளிச்சோறு, இறால் வறுவல், நண்டுக் குழம்பு. நண்டை உடைத்துச் சதையை எடுக்கும் விதத்தை அங்கமுத்து மாப்பிள்ளைக்குக் காட்டிக்கொண்டிருந்தான். காட்டுப்பள்ளிக்காரனுக்கு நண்டு தெரியாதா என்று கங்கம்மா கேலி செய்தாள். தின்ற களைப்பில் ஆண்கள் மரத்தடியில் சாய்ந்தார்கள். நேரத்தைக் கடத்த அங்கமுத்துவுக்கு அது வசதியாகப் போயிற்று. வேண்டுமென்றே குறட்டை விட்டான்.

நாகாத்தா பாத்திரம் கழுவ ஓடத்துப் பக்கம் போனாள். அம்மணியும் பின்னால் போனாள். சாம்பலைப் போட்டுத் தேய்த்துக்கொண்டே குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

“கொக்குமடையிலயும் கேப்பாரு.”

“தெரியும்.”

“நேரா ஊணாத. சாய்ச்சி ஊணு. நல்லா சாய்ச்சி. இடுப்பளவு நனையும்.”

நாகாத்தா தேய்த்த சட்டியைத் தண்ணீரில் அமிழ்த்தினாள். அது கவிழ்ந்து குமிழி விட்டு அடியில் போய் உட்கார்ந்தது. எடுத்து வடித்துவிட்டுத்தான் பேசினாள்.

“காலையிலேர்ந்து நேராத்தானே காட்டிகினு வர்றேன்.”

“நைனாவோட தோள நெனச்சிப் பாரு. சித்திரையில உன் நைனா கோயிலாண்ட நின்னு இல்லன்னு சொல்லணுமா?”

மகள் அடுத்த சட்டியைத் தேய்க்க எடுத்தாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள் அம்மணி. எடுத்துக்கொண்ட பிறகும் மனசு ஆறவில்லை. தான் மகளுக்குச் சொல்லிக்கொடுத்தது தொழில் இல்லை என்று அவளுக்கே தெரிந்தது. ஆற்றங்கரையிலும் ஓடத்துறையிலும் ஆழம் தெரியாதவர்களை ஏமாற்றிக் கூலி கூட்டிக் கேட்கிறவன் செய்கிற வேலை அது. கழுவிய சட்டியை மறுபடி ஒருமுறை கழுவினாள்.

வெயில் சாய்ந்தபோது ஓடம் கொக்குமடையை நோக்கித் திரும்பியது. ஏற்றம் வந்துவிட்டிருந்தது. ஏரி முழுக்கச் செம்பு நிறம் பரவி, சின்னச் சின்ன அலைகள் ஒன்றன்மேல் ஒன்று மடிந்துகொண்டிருந்தன. தூரத்தில் ஒற்றைக்கழி தெரிந்தது. அதன் உச்சியில் நீர்க்காகம் ஒன்று இறக்கையை விரித்துக் காய வைத்துக்கொண்டிருந்தது. அங்கமுத்து எழுந்து நின்று, இடது கையை நீட்டி, பாட்டன் காலத்துக் கதையெல்லாம் சொன்னான். இங்கே ஒரே இரவில் ஓடம் கொள்ளாமல் இறால் அள்ளியது, கொடுவா மீன் ஒன்று வலையைக் கிழித்துக்கொண்டு போனது. எல்லாம் உண்மைதான். போன ஐப்பசி வரைக்கும் உண்மை.

ஓடத்தின் அடியில் மணல் உரசும் சத்தம் மெல்லக் கேட்டது. அம்மணி கனமாக இருமினாள்.

கழிக்குப் பத்தடி முன்னால் ஓடம் நின்றது. நீர்க்காகம் பறந்துபோயிற்று. கங்கம்மா மடியிலிருந்து மஞ்சள் துணியை எடுத்து மகன் கையில் கொடுத்தாள். வீரராகவன் அதை வாங்கிக்கொண்டான். வழக்கம்போல் பின்னால் திரும்பிப் பார்த்தான்.

நாகாத்தா கோலை இறக்கினாள். அம்மணி பார்த்துக்கொண்டே இருந்தாள். கோல் சாய்ந்தது, தாய் சொன்ன மாதிரியே, நன்றாகச் சாய்ந்து போயிற்று. எழுந்தபோது இடுப்புக்கு மேலே ஒரு சாண் நனைந்திருந்தது. அந்த இடத்தில் நாகாத்தா விரலை வைத்தாள். காலையிலிருந்து எங்கும் காட்டாத ஆழம்.

அம்மணி மூச்சை விட்டாள். முடிந்தது என்று நினைத்தாள்.

முடியவில்லை. வீரராகவன் அந்த விரலையே பார்த்தான். பிறகு தண்ணீரைப் பார்த்தான். சாயங்கால வெளிச்சத்தில் தண்ணீர் பளபளத்ததே தவிர அடி தெரியவில்லை. அவன் ஓடத்தின் விளிம்புவரை வந்தான். ஒரு காலைத் தூக்கினான், திரும்ப வைத்தான். கூரைக்காலைப் பிடித்திருந்த கையில் நரம்பு புடைத்தது.  

“எறங்குடா,” என்றார் மாசிலாமணி. குரலில் கெஞ்சல் இருந்தது.

அவன் இறங்கவில்லை. நெற்றியில் வேர்த்திருந்தது. கங்கம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அம்மணிக்கு அப்போது எல்லாம் ஒவ்வொன்றாக விளங்கியது. ஈரமில்லாத மணலில் குதித்தது, கடலுக்கு முதுகைக் காட்டியது, இல்லாத சேற்றுப்புண், எங்கே போனாலும் கேட்ட அந்த ஒரே கேள்வி. கடல்கரையில் பிறந்த பிள்ளையை ஏன் இவர்கள் ஏரிக்கு அனுப்புகிறார்கள் என்று அவள் ஒருநாளும் கேட்டுக்கொள்ளவே இல்லை. தன் வீட்டு ஓட்டையை மூடுகிற அவசரத்தில் அடுத்தவர் வீட்டுக் கூரையை அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. முழங்கால் தண்ணீருக்கு இறங்கக்கூடிய பிள்ளைக்கு இடுப்பளவுத் தண்ணீரைக் காட்டி நிறுத்தி வைத்தாயிற்று.

சொல்லிவிடலாமா? சொன்னால் பாடு தூர்ந்தது தெரிந்துபோகும். சொல்லாவிட்டால் துணி கட்டாமல் ஓடம் திரும்பும். 

தண்ணீரில் சளக் என்று ஒரு சத்தம். நாகாத்தா மறுபடியும் கோலை இறக்கினாள். இந்தத் தடவை நேராக. அடியில் மணலைத் தட்டும் சத்தம்கூடக் கேட்டது. மெதுவாக எடுத்து, நீட்டி, அவன் கண்ணுக்கு முன்னால் பிடித்தாள். முழங்கால் அளவுதான் நனைந்திருந்தது. முன்பு சாய்த்தபோது நனைந்த ஈரம் அதற்கு மேலே இன்னும் காயாமல் இருந்தது. கீழே இருந்த கோட்டில் விரலை வைத்தாள்.

“இவ்ளோதான்,” என்றாள். அன்றைக்கு அவள் அவனிடம் பேசிய முதல் பேச்சு.

“மொதல்ல காட்டுனது?”

“அது சாய்ச்சி காட்டுனது.”

அவன் கோலைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். அங்கமுத்து முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான். வீரராகவன் ஓடத்தின் விளிம்பில் உட்கார்ந்து, ஒரு காலைத் தொங்கவிட்டான். பாதம் தண்ணீருக்குள் போய், போய், மணலில் பட்டது. அடுத்த காலையும் விட்டான். கூரைக்காலிலிருந்து கையை எடுத்தான். நின்றான்.

பெண்வீட்டின் பேர்போன கொக்குமடையில், ஏற்றம் உச்சத்தில் இருக்கும் நேரத்தில், ஒரு மனுஷன் முழங்கால் நனைய நின்றுகொண்டிருந்தான். மறைப்பதற்கு இனி ஒன்றும் இல்லை.

மாசிலாமணிதான் பேசினார். கோபமாக ஆரம்பித்தார்.

“முழங்கால் தண்ணியில இன்னா சம்பந்தி மீனு வரும்?”

அங்கமுத்துவுக்குப் பதிலாக அம்மணி சொன்னாள்.

“ஒண்ணும் வராதுங்க அண்ணாத்தே. கார்த்திகையில தூந்துபோச்சி. இந்தக் கழிகூட நேத்துதான் நட்டது. கோல சாய்ச்சி காட்டச் சொன்னது நான்தான், பொண்ணு மேல தப்பில்ல. சித்திரையில தண்ணியில நிக்க ஆள் உண்டான்னு ஊரு கேக்கும். உண்டுன்னு சொன்னா வேற எடம் குடுப்பாங்க. சொல்ல எங்களுக்கு ஆள் இல்ல.”

சொல்லி முடித்ததும் உடம்பு லேசாகிவிட்டது போல் இருந்தது. இனி ஓடத்தைத் திருப்பு என்பார்கள், திருப்ப வேண்டியதுதான். மாசிலாமணி எழுந்திருக்கப் பார்த்தார். கங்கம்மா அவர் வேட்டியைப் பிடித்து உட்கார வைத்தாள்.

“அங்க பாருய்யா,” என்றாள்.

“இன்னாத்த பாக்கறது?”

“உன் புள்ள நிக்கறான்.” அவள் மகனைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “பெரியவன அலை அடிச்சிகினு போனதிலேர்ந்து ரெண்டு வருசமா கணுக்காலு நனையல அம்மணி. ஊரே சிரிக்குது. ஏரின்னா ஆழம் இல்லன்னு சொன்னாங்க, அத்த நம்பி வந்தோம். நீ கோல சாய்ச்ச, நான் புண்ணுன்னு சொன்னேன். சரியாப் போச்சி போ.”

அம்மணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். மீதி இருந்த அடையை எடுத்துக் கொடுத்தாள். கங்கம்மாவும் அதை வாங்கி, தின்னாமல் மடியில் வைத்துக்கொண்டாள்.

மாசிலாமணி ஏரியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அங்கமுத்துவிடம், உங்கள் ஊர்ப் பெரியதனக்காரர், ஆள் எவ்வளவு ஆழத்தில் நிற்க வேண்டும் என்று கேட்பாரா என்றார். அப்படிக் கேட்டு நான் அறியேன் என்றான் அங்கமுத்து. அப்படியானால் சரி என்றார் மாசிலாமணி. மாப்பிள்ளை மெல்ல மெல்லத்தான் ஆழத்துக்குப் போவான், அவசரப்படுத்தக் கூடாது என்றார். என் தோளும் மெல்லத்தான் எழும்பும் என்றான் அங்கமுத்து.

வீரராகவன் இதையெல்லாம் கேட்டமாதிரி தெரியவில்லை. பாதத்தால் மணலைத் தடவித் தடவி நடந்து கழியிடம் போனான். நேற்று நட்ட கழி. இவன் துணியைச் சுற்றும்போதே ஆடியது. இரண்டு கையாலும் அதைப் பிடித்து, முழு உடம்பின் கனத்தையும் போட்டு மணலுக்குள் அழுத்தினான். பிறகு முடிச்சு போட்டான். கடல்காரன் முடிச்சு.

திரும்புகிற வழியில் அவன் ஓடத்தில் ஏறவில்லை. ஓடத்தின் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தான். நாகாத்தா பின்னால் கோல் ஊன்றினாள். பொழுது இறங்கி, கோட்டையின் மேல் விளக்கு வைத்தார்கள். தண்ணீரில் அந்த வெளிச்சம் நீளமாக விழுந்து, அவன் கால்பட்ட இடத்தில் மட்டும் உடைந்து உடைந்து சேர்ந்தது. அம்மணி மறுபடி கையை வெளியே தொங்கவிட்டாள்.

மணல்திட்டு முடியும் இடம் வந்தது. அதற்கு அப்பால் ஏரிக்குள் ஓடும், ஆழம் கூடின ஓடை. தண்ணீரின் நிறம் மாறியிருந்ததை அவனும் பார்த்துவிட்டான். நின்றான். திரும்பினான்.

“இங்க?”

நாகாத்தா கோலை நேராக ஊன்றி எடுத்தாள். இடுப்பளவு. விரலை அங்கேயே வைத்துக்கொண்டு நின்றாள். ஏறி உட்காருடா என்று மாசிலாமணி சொல்ல வாயெடுத்தார். கங்கம்மா அவர் முழங்காலில் கையை வைத்தாள். ஓடம் தண்ணீரில் சும்மா மிதந்தது. யாரும் அவசரப்படுத்தவில்லை. எங்கோ தூரத்தில் பூநாரைகள் கூட்டமாகக் கத்தி ஓய்ந்தன.

அவன் கயிற்றைத் தோளில் ஒருமுறை ஏற்றிவிட்டுக்கொண்டான். ஒரு காலை எடுத்து முன்னால் வைத்தான். தண்ணீர் தொடைக்கு ஏறியது. அடுத்த கால். வேட்டி நனைந்து மிதந்தது. ஓடத்திலிருந்தவர்கள் மூச்சுவிடாமல் அவன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இடுப்புவரை வந்து, அவள் காட்டிய இடத்திலேயே, தண்ணீர் நின்றுவிட்டது.

கயிறு விறைத்தது. ஓடம் நகர்ந்தது.